செவ்வாய்க்கிழமையின் நான்கு மணி நேரம்

போன மாதம் தொலைநோக்கி நிலையத்திலிருந்து இரண்டு இளம் அலுவலர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

"மிஸ், இனிமே அட்டவணைய கம்ப்யூட்டரே போடப்போகுது. யாருக்கு எந்த நேரம்னு அதுவே பிரிச்சுக் குடுத்துரும்" என்றாள் ஒருத்தி. "ஆனா பழைய கோப்புல எல்லா வாரமும் செவ்வாக்கிழமை காலையில எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் சிவப்புப் பென்சில்ல கட்டம் போட்டிருக்கு. நகர்த்தக் கூடாதுன்னு உங்க கையெழுத்துல எழுதியிருக்கு. புரோகிராம் நகர்த்தலாம்னு சொல்லுது. என்ன செய்யிறது மிஸ்?"

நகர்த்த வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அவர்களுக்காக எழுதத் தொடங்கியது இது. எழுத எழுத எனக்காகவும் ஆகிவிட்டது.

எங்கள் நிலையம் பட்டிப்பொல ரயில்வே ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் பாதையில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தில் இருக்கிறது. முதலில் அது தொலைபேசிக்காகக் கட்டப்பட்ட நிலையம். வெளிநாட்டுக்குப் பேசும் குரல்களைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பவும் வாங்கவும் ஒரு பெரிய வெள்ளைத் தட்டு வானத்தைப் பார்த்து நின்றது. விளிம்புக்கு விளிம்பு ஒரு கிரிக்கெட் பிட்ச்சைவிட நீளம். சுற்று வட்டாரத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அதைச் 'சட்டி' என்றுதான் சொல்வார்கள். பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. சட்டிக்கு வேலை இல்லாமல் போனது. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அதைக் கேட்டு வாங்கி, வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் தொலைநோக்கியாக மாற்றின. நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி அல்ல இது. பகலிலும் மழையிலும் வேலை செய்யும். அதனால் இருபத்துநாலு மணி நேரத்துக்கும் ஆள் கேட்டு வருவார்கள். அந்த நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது.

நான் கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா ஃபேக்டரியில் ரோலர் அறையில் இருந்தார். உயர்தரத்தில் கணிதம் படித்தேன். தொலைபேசிக் காலத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, இரண்டு வருடம் கொழும்பில் பயிற்சி, பிறகு கட்டுப்பாட்டு அறையில் உதவியாளர், பிறகு அட்டவணை அலுவலர். இவ்வளவுதான் என் ஏணி. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ரணவீர சேரைப் பற்றி. அவர்தான் நிலையப் பொறியியலாளர். உரத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னோடு சிங்களத்தில் பேசுவார். தட்டின் மேலே ஏறி வேலை செய்யும் ஆட்களோடு அவர்களிடமே கற்றுக்கொண்ட தமிழில் பேசுவார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு அடுத்த வாரத்து அட்டவணையை அவர் மேசையில் விரித்து வைப்பேன். உட்கார்ந்து படிக்கமாட்டார். எழுந்து நின்று, இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பார். ஏதாவது ஒரு கட்டத்தில் விரலை வைத்து "ஏன்?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. நான் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன காரணத்தை ஓரத்தில் எழுத வேண்டும். எழுத முடியாத காரணமென்றால் அந்தக் கட்டத்தை அழிக்க வேண்டும்.

வானியல் ஆய்வாளர்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே நேரம் ஒதுக்கிவிடுவோம். அந்த ஒதுக்கீட்டுக்கு நடுவே இரண்டு விதமான நேரங்களை நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒன்று பராமரிப்பு நேரம்: செவ்வாய்க்கிழமை காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. தட்டை நிறுத்தி, மோட்டாரை அணைத்து, கிரீஸ் போட்டு, பொல்ட்டுகளை இறுக்கி, துருவைச் சுரண்டும் நேரம். மற்றது சோதனை நேரம்: பராமரிப்பு முடிந்த பிறகு, இருக்கும் இடம் நன்றாகத் தெரிந்த ஒரு ரேடியோ மூலத்தை நோக்கித் தட்டைத் திருப்பி, சரியான இடத்தைத்தான் பார்க்கிறதா என்று உறுதி செய்யும் நேரம். ஆய்வாளர்களுக்கு இரண்டும் பிடிக்காது. "எங்க நேரத்தைத் துருவுக்குக் குடுக்கிறீங்க" என்று ஒரு பேராசிரியர் முகத்துக்கு நேரே சொன்னார்.

சோதனை நேரத்தின் அருமை ஒரு முறை எல்லோருக்கும் தெரிந்தது. பதிவுகளில் ஓர் இரைச்சல் வரத் தொடங்கியது. வானத்தில் எங்கே பார்த்தாலும் வந்தது. மூன்று வாரம் அலைகளை வாங்கும் பெறுமிகளைக் கழற்றிப் பூட்டினார்கள். நிற்கவில்லை. நான் இரைச்சல் வந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். காலை ஒன்பதரை, நண்பகல், பின்னேரம் நாலரை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் இல்லை. அது கொழுந்து நிறுக்கும் நேரம். எந்த ஆய்வாளரும் அதை அறிந்திருக்க நியாயமில்லை; எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அந்த வாரத்துச் சோதனை நேரத்தில் தட்டை மலைச் சரிவுப் பக்கம் தாழ்த்தச் சொன்னேன். கீழ்த் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு நேரே வந்ததும் இரைச்சல் எகிறியது. புதிதாக வாங்கியிருந்த மின்தராசு. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் போய்ப் பேசினேன். தராசை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்ததும் வானம் அமைதியானது. ரணவீர சேர் அன்றைய கட்டத்தின் ஓரத்தில் தன் கையால் "நிறுவை" என்று தமிழில் எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது.

இப்போது மாணிக்கம் அண்ணன்.

மேலே ஏறி வேலை செய்யும் நான்கு பேருக்கு அவர்தான் தலைவர். உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து வந்தவர். தட்டு கட்டும்போது கூலியாகச் சேர்ந்து, கட்டி முடிந்த பிறகு நாட்சம்பளத்திலேயே தங்கிவிட்டவர். நிலையத்தில் எல்லோரையும்விட அந்தத் தட்டை அறிந்தவர் அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். 'பரமேஸ்வரி' என்றே கூப்பிடலாம் என்று ஒரு முறை சொன்னேன். சிரித்தார். கூப்பிடவில்லை.

மேலே ஏறுவதற்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. ஏறும் முன் அதை அடித்தளத்துப் பலகையில் தொங்கவிட வேண்டும். இறங்கியதும் எடுக்க வேண்டும். பலகையில் ஒரு வில்லை தொங்கினாலும் மோட்டார் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். தட்டை யாரும் அசைக்க முடியாது. அசைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், மேலே இருப்பவர் இறங்கி, வில்லையை எடுத்து, தள்ளி நின்ற பிறகுதான் அசைக்க வேண்டும். பிறகு திரும்ப ஏற வேண்டும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போகும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். அதனால் அந்தப் பலகைக்கு மாணிக்கம் அண்ணன் 'பெரட்டுப் பலகை' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வருடம் தென்மேற்குப் பருவம் முன்கூட்டியே தொடங்கியது. முதல் செவ்வாய் மழையும் காற்றும். மேலே யாரையும் ஏற்றக்கூடாது என்று ரணவீர சேரே பராமரிப்பை ரத்துச் செய்தார். அடுத்த செவ்வாய் வெளிநாட்டுத் தொலைநோக்கிகளோடு சேர்ந்து ஒரே நேரத்தில் பார்க்கும் வேலை. அது ஒரு வருடத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. அதற்கும் அவரே கையொப்பமிட்டார். புதன்கிழமை மாணிக்கம் அண்ணன் கட்டுப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு பிடி கிரீஸ்.

"கீழே வடிஞ்சு கிடந்துச்சு மிஸ். மஞ்சளா மினுங்குது பாருங்க."

வெளிச்சத்தில் பார்த்தேன். கறுத்த கிரீஸுக்குள் பொன் தூள் கலந்தது போல் இருந்தது. தட்டை மேலும் கீழும் சாய்ப்பது ஆள் உயரத்துக்கு மேலான ஒரு திருகுத் தண்டு. அதன் மேல் ஏறி இறங்குவது ஒரு பித்தளை நட்டு. அந்த நட்டுத்தான் தேய்ந்துகொண்டிருந்தது.

"வர்ற செவ்வாக்கிழமை கழட்டிப் பாத்துருவோம் மிஸ். அதுக்கு மேல தாங்காது."

சரி என்றேன். எழுதியும் வைத்தேன்.

வியாழக்கிழமை ரணவீர சேரின் தாயார் காலமானார். அவர் பதுளைக்குப் போய்விட்டார். போகும் முன் கையொப்பமிடும் அதிகாரத்தை எழுத்தில் என்னிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை யோகராணி வந்தாள். பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர், கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கொட்டகலையில் நான் படித்த அதே பள்ளிக்கூடம். அவளுடைய தாயாரும் கொழுந்து எடுத்தவர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களிலிருந்து வந்து அந்தத் தட்டின் நேரத்தை விண்ணப்பம் போட்டுக் கேட்ட முதல் பிள்ளை அவள்தான். அவளுடைய பெயரை அட்டவணையில் எழுதும்போதெல்லாம் எழுத்து தானாகவே கொஞ்சம் பெரிதாகும்.

"மிஸ், ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. ரேடியோவுல இப்பதான் பிரகாசம் ஏறுது. இந்த ஏத்தத்தைப் பிடிச்சா என் ஆய்வு முடிஞ்ச மாதிரி. நம்ம வானத்துல அது காலையில ஏழுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான் நிக்கிது. மத்த நாளெல்லாம் வேற ஆளுங்களுக்குக் குடுத்துட்டீங்க. செவ்வாக்கிழமைதான் இருக்கு."

"அது பராமரிப்பு நேரம் யோகா."

"தெரியும் மிஸ்." பிறகு 'மிஸ்' என்ற வார்த்தையை மாற்றினாள். "அக்கா, இன்னொரு வருஷம் போச்சுன்னா எனக்கு லீவு தரமாட்டாங்க. வேற யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

கொடுத்தேன். சிவப்புப் பென்சில் கட்டத்தை ரப்பரால் அழித்து, அவள் பெயரை எழுதி, கையொப்பமிட்டேன். ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். "அவசர அவதானிப்பு" என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் அவள் நம்ம பிள்ளை என்பது. அதை என்னால் எழுத முடியவில்லை. எழுத முடியாத காரணமென்றால் என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

மாணிக்கம் அண்ணனிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னேன். "சரிங்க மிஸ்" என்றார்.

செவ்வாய்க்கிழமை யோகராணிக்கு நல்ல பதிவு கிடைத்தது. திரையில் அந்த ஏற்றத்தைப் பார்த்து அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அந்த நான்கு மணி நேரத்தில் நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மத்தியானம், காற்று எழுந்தது. காற்றுமானியின் முள் எல்லைக் கோட்டைத் தாண்டினால் தட்டை நேர் மேலே வானத்தைப் பார்க்கத் திருப்பி, கை பருமனான ஓர் இரும்புப் பூட்டுத் தண்டைத் துளையில் செலுத்திப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் காற்று தட்டைப் பாய்மரம் போல் பிடித்துக்கொள்ளும். தட்டை இயக்கும் அலுவலர் சாப்பிடப் போயிருந்தார். நான்தான் கன்சோலில் இருந்தேன். தட்டு மேலே திரும்பியது. வழக்கத்தைவிட மெதுவாக, விட்டு விட்டுத் திரும்பியது. கடைசியில் நின்றது. பூட்டு விளக்கு எரியவில்லை. தண்டு துளைக்கு நேராக வரவில்லை.

மாணிக்கம் அண்ணன் அடித்தளத்தில் இருந்தார். அங்கே கம்பி வழித் தொலைபேசி ஒன்று உண்டு. மேல் மேடையில் இன்னொன்று. எங்கள் பள்ளத்தில் கம்பியில்லாக் கருவி எதற்கும் அனுமதி இல்லை.

"அண்ணே, பூட்டு விழல. மேல போய்க் கையால தள்ளிப் பாருங்க. சீக்கிரம்."

"வில்லை உள்ள பெட்டியில இருக்கு மிஸ். எடுத்துத் தொங்கவிட்டுட்டு..."

"அது கிடக்கட்டும். காத்து ஏறிக்கிட்டே போகுது. போங்க."

இந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தவை. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

அவர் ஏறினார். மேல் மேடையிலிருந்து பேசினார். "கொஞ்சம்தான் மிஸ் விலகியிருக்கு. ஒரு விரக்கடை மேல வந்தா விழுந்துரும்."

அப்போது அவரை இறக்கியிருக்க வேண்டும். இறக்கி, தள்ளி நிற்க வைத்து, பிறகு அசைத்திருக்க வேண்டும். இருபது நிமிடம். நான் காற்றுமானியைப் பார்த்தேன். "புடிச்சுக்குங்க, லேசா அசைக்கிறேன்" என்று சொல்லிப் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன்.

தேய்ந்த நட்டு அந்த அசைவில்தான் விட்டுக்கொடுத்தது. தட்டு ஒரு சாண் அளவு இறங்கி, கீழே இருந்த காப்பு நட்டில் முட்டி நின்றது. கட்டடம் முழுவதும் ஒரு முறை அதிர்ந்தது. தொலைபேசியில் சத்தம் எதுவும் வரவில்லை. அவர் இடது கையில் தொலைபேசியைப் பிடித்திருந்தார். வலது கை பூட்டுத் தண்டில் இருந்தது.

உயிர் தப்பியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

தட்டு பல மாதம் நின்றது. யோகராணியின் நட்சத்திரம் அந்த நேரத்துக்குள் மங்கிப் போனது. அவளுக்கு அந்த நான்கு மணி நேரப் பதிவு மட்டும்தான்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாணிக்கம் அண்ணன் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில ஆபிஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க மிஸ். வில்லையத் தொங்கவிட்டியா இல்லையான்னு கேட்டாங்க. இவரு தொங்கவிடலன்னு சொன்னாரு. எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. அது என்னங்க மிஸ் வில்லை? இவரு ஏதும் தப்பு செஞ்சுட்டாரா?"

"வேற ஒண்ணும் அவரு சொல்லலையா?"

"இல்லைங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. அதை மட்டும் சொன்னாரு."

அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வதற்காகப் பிடித்தார். அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. பஸ் வருகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் விசாரணைக் குழுத் தலைவர் தயாராக இருந்த அறிக்கையை வாசித்தார். பணியாளர் தன் வில்லையைத் தொங்கவிடாமலும் அனுமதி பெறாமலும் மேலே ஏறியதே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. தலைவர் நல்ல மனிதர். எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். "கையொப்பமிட்டால் உங்கள் பகுதி முடிந்துவிடும்" என்று பேனாவைத் தள்ளி வைத்தார். ரணவீர சேர் மேசையின் மறுமுனையில் இருந்தார். தாயாரின் காரியம் முடிந்து அன்று காலைதான் திரும்பியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமும் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையொப்பமிட்டிருந்தால் என் வேலை தப்பும். மாணிக்கம் அண்ணனுக்கு நட்டஈடு ஒன்றும் கிடைக்காது. விதியை மீறி ஏறிய நாட்சம்பள ஆள் என்று கோப்பை மூடிவிடுவார்கள். அவர் எதிர்த்துப் பேசமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர் என்பது எனக்குத் தெரியும்.

"அவர் அனுமதியில்லாமல் ஏறவில்லை" என்றேன். "நான்தான் ஏறச் சொன்னேன். வில்லையை விடச் சொன்னதும் நான்தான். அவர் மேலே இருக்கும்போது பொத்தானை அழுத்தியதும் நான்தான். நட்டு தேய்கிறது என்று எட்டு நாளுக்கு முன்பே அவர் சொன்னார். அதைக் கழற்ற வேண்டிய நேரத்தை நான் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

வராந்தாவில் ரணவீர சேர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பேசியதை அவர்கள் மறந்துவிட முடியும், மிஸ் பரமேஸ்வரி" என்று சிங்களத்தில் சொன்னார். "எழுதுங்கள்."

அவர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். முடியும்வரை அவர் மேசை ஓரத்தில் நின்றார். பிறகு தாளை வாங்கி, எப்போதும் போல் இரண்டு கையையும் ஊன்றி, வரி வரியாகப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். "அவசர அவதானிப்பு" என்று நான் எழுதியிருந்த இடம்.

"ஏன்?"

"அவள் எங்கள் தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளை, சேர். வேறு யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்."

"அதையும் எழுதுங்கள்."

எழுதினேன். அதன் கீழே அவரும் எழுதினார்: முதல் இரண்டு செவ்வாய்க்கிழமைகளை ரத்துச் செய்தது தானே என்றும், மாற்று நாள் கொடுக்காமல் விடுமுறையில் போனது தன் தவறு என்றும். அவர் கையொப்பம் என் கையொப்பத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றார். இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. மாணிக்கம் அண்ணனின் காயம் பணியில் ஏற்பட்டது என்று பதிவானது. நட்டஈடு கிடைத்தது, நிரந்தர வேலையும் கிடைத்தது. மேலே ஏற முடியாததால் களஞ்சிய அறையில் போட்டார்கள். என்னை அட்டவணையிலிருந்து எடுத்து, இரண்டு வருடத்துக்கு அதே களஞ்சிய அறைக்கு அனுப்பினார்கள்.

அந்த இரண்டு வருடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு சிறிய அறை. தகரக் கூரை. சுற்றிலும் பொல்ட்டும் நட்டும் அடுக்கிய அலமாரிகள். ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவர் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். பெட்டிகளுக்கு ஒட்டும் பெயர்ச் சீட்டுகளை எழுதிப் பழகினார். முதலில் ஒரு சீட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். நான் எழுதித் தருகிறேன் என்று ஒரு முறைகூட என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன். மழை பற்றி, தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்பது பற்றிப் பேசுவோம். செல்லம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளுவார். சாப்பிடுவேன். அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை.

அந்தக் காலத்தில்தான் யோகராணியின் கட்டுரை அச்சாகி வந்தது. ஒரு பிரதியை எனக்கு அனுப்பியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் நன்றி. பராமரிப்பு நேரத்தைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த அட்டவணை அலுவலர் என்று என் முழுப் பெயர். கட்டுரையை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். எதிரே மாணிக்கம் அண்ணன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரமே அவளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு விபத்து நடந்தது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த நான்கு மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை எது என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. "எனக்கு ஏன் அன்னைக்கே இல்லன்னு சொல்லல அக்கா?" என்றாள் கடைசியில். அவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மாணிக்கம் என்ற பெயர் இருக்கிறது. அதன் பிறகு அவள் என்னிடம் நேரம் கேட்டு வரவில்லை. விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்புவாள்.

இரண்டு வருடம் கழித்து அட்டவணையை என்னிடம் திரும்பக் கொடுத்தார்கள். நான் அந்தக் கோப்பில் முதலில் எழுதியது, இளம் அலுவலர்கள் பார்த்த வரியைத்தான். அதன் பிறகு என் பணிக்காலம் முடியும்வரை ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. மழையில் போனால் புதன்கிழமை எடுத்தேன். பல பேருடைய கோபத்தைச் சம்பாதித்தேன். நான் இரக்கமில்லாதவள் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுத்ததில் எத்தனை நல்ல அவதானிப்புகள் வீணாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

இவ்வளவும்தான் நான் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத நினைத்தது. எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன், மாணிக்கம் அண்ணன் வீட்டுக்குப் போக நேர்ந்தது. தோட்டத்தில் லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பால் காய்ச்சுவதற்குக் கூப்பிட்டிருந்தார். ஆட்கள் கலைந்த பிறகு புது வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்தோம். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்புங்க என்றார். இத்தனை வருடம் கேட்காததைப் பிறகு கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் மேல ஏறச் சொன்னப்ப உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு மிஸ். அந்தக் கிரீஸ நான்தானே பாத்தேன்."

"அப்ப ஏன் ஏறுனீங்க? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை என்பது போல்தான் பார்த்தார்.

"சொல்லலாம்னு தெரியாதுங்க மிஸ். தொரை சொன்னா ஏறுவோம், கங்காணி சொன்னா ஏறுவோம். நீங்க சொன்னீங்க, ஏறுனேன்."

விசாரணையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நான் நம்பியிருந்தேன். வில்லை, பொத்தான், நேரம், நம்ம பிள்ளை, எல்லாம். இதை எழுதியிருக்கவில்லை. எங்கள் அம்மா காய்ச்சலோடு மலைக்குப் போன காலைகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியே நின்று கூப்பிட்ட குரலுக்கு அவர் ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை. அந்தக் குரல் ஒரு நாள் என்னுடையதாகும் என்று நான் நினைத்ததே இல்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தானே என்று இருந்துவிட்டேன்.

"நான் கேட்டிருக்கணும் அண்ணே" என்றேன். "ஏறுறீங்களான்னு உங்களைக் கேட்டிருக்கணும்."

"ஆமாங்க மிஸ்" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."